பழைய எம்ஜிபி காரில் பெற்றோல் ஒழுக்கு: ஒட்டுப் போடுவதா, குழாயையே மாற்றுவதா?

கோண்டாவில் ஸ்பானர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மாமாவின் 1966 எம்ஜிபியை (கூரை மடிக்கிற இரண்டு இருக்கைக் கார், பெயரைச் சொன்னதும் எம்ஜிஆரா என்று கேட்கிற பகிடி ஏற்கெனவே நூறு தரம் கேட்டாயிற்று) போன வருடம் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். 2022இல் கியூஆர் காட்டி அளந்து பெற்றோல் அடித்த காலத்தில் மாமா நிறுத்தியவர், அதற்குப் பிறகு அது ஓடவேயில்லை. தாங்கியைக் கழுவி, காபரேற்றர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, நாலு ரயரும் மாற்றி ஒருமாதிரி ஓட வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் வருவதுதான் அதன் முழு வேலை.

இரண்டு மாதமாக ஒரு பிரச்சினை. காலையில் கராச் கதவைத் திறந்தால் பெற்றோல் மணம் முகத்தில் அடிக்கிறது. காரின் நடுப்பகுதிக்குக் கீழே மணலில் ஒரு தேநீர்ச் சோசர் அளவுக்கு ஈரம். தாங்கி நிரப்பிய கிழமை ஈரம் கூட, குறைந்த கிழமை குறைவு. சாவியைத் திருப்பினால் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்கவேண்டும் அல்லவா, அது நிற்கிறதேயில்லை, நான் எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். மொறிஸ் மைனரென்றால் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார், அவரில் எனக்கு நல்ல மரியாதை. அவர் பொனட்டைத் திறந்து முதலில் பம்பைத் தேடினார், அங்கே இல்லை. பிறகு கீழே படுத்து, சொட்டு விழுகிற இடத்தில் இரும்புக் குழாயை ஒரு சாண் வெட்டி எடுத்து, அந்த இடைவெளிக்குப் பளிங்கு மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக் ரியூப் போட்டு இரண்டு கிளிப் இறுக்கினார். மூன்று கிழமைதான். ரியூப் தேநீர் நிறமாகி, விரலால் வளைத்தால் உடைகிற மாதிரிக் காய்ந்துவிட்டது, ஈரமும் பழையபடி. இப்போது உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடலாம் என்கிறார். வேறொரு கராச்சில் கேட்டால் பித்தளை ஒட்டு வைத்துத் தருகிறோம் என்கிறார்கள்.

என் கேள்வி: ஒட்டினால் நிற்குமா, முழுக் குழாயையும் மாற்றவேண்டுமா? மாற்றுவதென்றால் ஃபிரிட்ஜ் திருத்துகிற கடையில் கிடைக்கிற செப்புக் குழாய் சரிவருமா? வேர்ணியரில் அளந்தேன், வெளி விட்டம் 7.9 மில்லிமீற்றர் காட்டுகிறது.

சுன்னாகம் மூலை எழுதியது:

குழாயைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் அந்தக் காரைக் கராச்சுக்குள்ளிருந்து தள்ளி வெளியே விடுங்கோ. ஸ்ராட் பண்ணி எடுக்கவேண்டாம், தள்ளுங்கோ. கராச்சில் கீழே இறங்கி வேலை செய்கிற குழி இருந்தால் இன்னும் அவசரம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், அது மேலே போகாது, தரையோடு ஊர்ந்து குழிக்குள் இறங்கித் தங்கும். ஒரு சுவிச் போட்டால் போதும்.

அடுத்தது பற்றறி. 1966 என்றால் இருக்கைக்குப் பின்னால் மூடிக்குக் கீழே 6 வோல்ட் பற்றறி இரண்டு இருக்கவேண்டும். யாராவது ஏற்கெனவே மாற்றி 12 வோல்ட் ஒன்று வைத்திருக்கவும் கூடும். கவனம், 1967 வரை வந்த எம்ஜிபியில் பொசிற்றிவ் பக்கம்தான் காரின் பொடியோடு (இரும்பு உடலோடு) பூட்டியிருக்கும். எங்கள் ஆட்கள் பழக்கத்தில் நெகற்றிவைத்தான் முதலில் கழற்றுவார்கள். இந்தக் காரில் அப்படிச் செய்தால் ஸ்பானர் பொடியில் முட்டி நெருப்புப் பொறி பறக்கும், அதுவும் பெற்றோல் பம்ப்புக்குப் பக்கத்தில். பொடியோடு போகிற வயர் எதுவென்று கண்ணால் பார்த்து அதை முதலில் எடுங்கோ.

பித்தளை ஒட்டு என்று சொன்ன கராச்சுக்குத் திரும்பிப் போகாதீர்கள். பெற்றோல் ஓடிய குழாயில், அதுவும் தாங்கியோடு இருக்கிற குழாயில், காஸ் சுவாலை வைப்பதா? கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கோ.

ஏ-நாற்பதின் மகன் எழுதியது:

தம்பி, உம்முடைய மெக்கானிக் ஐயா பொனட்டைத் திறந்து பம்பைத் தேடினார் என்று எழுதினீர் பாரும், உம்முடைய வியாதி முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. மொறிஸ் மைனரில் எஸ்யூ கம்பனியின் மின்சாரப் பம்ப் எஞ்சின் அறைக்குள், பின்சுவரில் இருக்கும். தாங்கி பின்னால், பம்ப் முன்னால், ஆகவே குழாய் முழுக்க உறிஞ்சுகிற பக்கம். அதில் ஊசித் துவாரம் வந்தால் ஓடும்போது பெற்றோல் வெளியே வருவதை விடக் காற்றுத்தான் உள்ளே போகும், கார் இழுவை குறைந்து திக்கும், ஆனால் பெரிதாகச் சொட்டாது. அந்தக் காரில் சவர்க்காரமும் நிற்கும், பிளாஸ்ரிக் ரியூப்பும் கொஞ்ச நாள் நிற்கும். ஐயா ஐம்பது வருடம் அதைத்தான் பார்த்திருப்பார், அவரில் பிழையில்லை.

எம்ஜிபியில் பம்ப் பின் வலது சில்லுக்கு முன்பக்கம், பற்றறிப் பெட்டிக்கு அருகில். அது தாங்கியிலிருந்து எடுத்து முன்னாலே தள்ளுகிறது. பம்ப்பிலிருந்து காபரேற்றர் வரை முழுக் குழாயும் அமுக்கத்தில் நிற்கும். பெரிய அமுக்கம் இல்லை, 3 பிஎஸ்ஐ அளவுதான், சைக்கிள் ரியூப்புக்கு அடிக்கிற காற்றோடு பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் துவாரம் இருந்தால் சாவி போட்ட நேரமெல்லாம் வெளியேதான் தள்ளும். பம்ப் நிற்காமல் அடிப்பதும் அதனால்தான், காபரேற்றரின் மிதவை அறைகள் நிரம்பி, பெற்றோல் வருகிற வழியை ஊசி மூடினால் அது நிற்கவேண்டும், எங்கேயோ பெற்றோல் போய்க்கொண்டிருப்பதால் நிற்கவில்லை.

ஆனால் எங்கே என்று இன்னும் தெரியாது. சொட்டு விழுகிற இடம் ஒழுகுகிற இடம் என்று நினையாதேயும். உம்முடைய முற்றம் எந்தப் பக்கம் சரிவு? பெற்றோல் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடும், எங்கே குழாய் பதிந்து வளைகிறதோ அங்கேதான் கீழே விழும். கூரைத் தண்ணீர் வீட்டு மூலையில் ஒழுக, ஓடு வேறெங்கோ உடைந்திருக்கிற கதைதான். குழாய் முழுவதையும் பழந்துணியால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தட்டிவிடும். பற்றறியைப் பூட்டி, ஒருவர் மட்டும் சாவி போட, மற்றவர் எல்இடி ரோச் பிடித்துத் தள்ளி நின்று பார்க்கட்டும். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுதான் இடம். வயர் இழுத்துத் தொங்கவிடுகிற குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம், குண்டு உடைந்தால் கதை முடிந்தது.

குழாய் காய்ந்தே இருந்து பம்ப் மட்டும் அடித்தால், காபரேற்றருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஒரு தகரப் பேணிக்குள் விட்டுப் பாரும். குமிழி குமிழியாக வந்தால் தாங்கிக்கும் பம்ப்புக்கும் இடையில் காற்று இழுக்கிறது. குமிழி இல்லாமல் வந்தால் மிதவை ஊசியில் தூசு இருக்கிறதோ என்று பார்க்கவேணும்.

ஒன்று சொல்லவேணும், அலட்டுகிறேன் என்று நினைத்தால் மன்னியும். எங்கள் ஐயா 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலம் முழுக்க ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஊரில் எல்லாக் காரும் எங்கேயோ ஒழுகிக்கொண்டுதான் ஓடின, ரப்பர் கட்டி, சவர்க்காரம் தேய்த்து, சைக்கிள் ரியூப் சுற்றி. யாரும் எரியவில்லை என்று சொல்லுவார்கள். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேலே சூடானால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே விடத் தொடங்கிவிடும், எங்கள் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்துக் கை வைத்தியத்தை இந்தக் காருக்குச் செய்யாதேயும். அதோடு பொனட்டைத் திறந்து பாரும், இந்த எஞ்சினில் காபரேற்றர் இரண்டுக்கும் நேர் கீழேதான் புகை போகிற இரும்பு இருக்கிறது. அங்கே இருக்கிற ஹோஸ் எத்தனை வருடத்தது?

கோண்டாவில் ஸ்பானர் எழுதியது:

நன்றி ஐயா. முற்றம் கிணற்றுப் பக்கம் சரிவு, கார் மூக்கைக் கீழே குத்திக்கொண்டுதான் நிற்கும். அதை யோசிக்கவேயில்லை. ஹோஸின் வயது தெரியாது, வளைத்தால் மேலே மெல்லிய வெடிப்பு வெடிப்பாகத் தெரிகிறது, பழைய செருப்பின் அடி மாதிரி. சனிக்கிழமை பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

லண்டன் பனங்கொட்டை எழுதியது:

என்னிடமும் ஒரு எம்ஜிபி இருக்கிறது, 1972, இங்கே மழைக்குள் கிடந்து துருப்பிடிக்கிறது. ஆகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

7.9 என்றால் அங்குலத்தில் பதினாறில் ஐந்து, அதுதான் இந்தக் காருக்குரிய அளவு. இரும்புக் குழாய்க்குப் பதில் செம்பு நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கோ, 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், பிறேக் குழாய்க்கும் இதைத்தான் போடுகிறார்கள். பண்ணைப் பாலத்தால் வாராவாரம் ஓடுகிற காருக்கு இரும்புக் குழாய் போட்டால் உப்புக் காற்றுக்குத் தீனி போடுகிற மாதிரி.

ஃபிரிட்ஜ் கடைச் செப்புக் குழாயைப் பற்றி. தனிச் செம்பு அதிர்வில் நாளடைவில் கடினமாகி வெடிக்கும், முக்கியமாக வளைவிலும் முனையிலும். நன்றாக அடிக்கொரு கிளிப் போட்டு அசையாமல் பிடித்தால் காலம் தள்ளும், அவசரத்துக்குச் சரி, ஆனால் ஒரு தரம் படுத்து வேலை செய்கிறவன் இரண்டாம் தரமும் ஏன் படுக்கவேண்டும்?

ஹோஸ் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று உடம்பில் அடித்திருக்கிறதா பாருங்கோ. அது பெற்றோலைக் கூடிய அமுக்கத்தில் பீச்சுகிற இன்ஜெக்ஷன் எஞ்சின்களுக்கு உரியது, உள்ளே பெற்றோலைத் தாங்குகிற ஒரு தனிப் படை இருக்கும். உங்களுக்கு அவ்வளவு அமுக்கம் தேவையில்லை, அந்த உள் படைதான் தேவை. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும், ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், எழுத்து அடிக்க யாராலும் முடியும். ஒரு விரல் நீளம் வெட்டி, ஜாம் போத்தலில் பெற்றோல் விட்டு, அதற்குள் போட்டு, மூடி வீட்டுக்கு வெளியே நிழலில் ஒரு கிழமை வையுங்கோ. எடுத்து ஊறவைக்காத மிச்சத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், ஊதியிருந்தாலோ பெற்றோல் கறுத்திருந்தாலோ கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிளிப்பும் முக்கியம். பட்டியில் வெட்டு வெட்டாகத் துளை இருக்கிற சாதாரணக் கிளிப் இறுக்கும்போது ரப்பரைத் துருவித் துருவி வெட்டும், தேங்காய் துருவுகிற மாதிரி. விளிம்பு மடித்த முழுப் பட்டிக் கிளிப் இருக்கிறது, அதைக் கேளுங்கோ.

நான் மார்கழியில் ஊருக்கு வருகிறேன், குழாய் ஒரு சுருள் கொண்டுவரலாம், தனிமடலில் எழுதுங்கோ.

வெட்டிப்பேச்சு எழுதியது:

செம்பு வெடிக்கும் செம்பு வெடிக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறீர்கள். எங்கள் அப்பாவின் மொறிஸ் முப்பது வருடம் ஃபிரிட்ஜ் செப்புக் குழாயில்தான் ஓடியது. லண்டனிலிருந்து குழாய் வந்தால்தான் கோண்டாவிலில் கார் ஓடுமோ? இங்கே கிடைக்கிற சாமானில் வேலை செய்யத் தெரியாதவன் மெக்கானிக்கா?

ஏ-நாற்பதின் மகன் எழுதியது:

உம்முடைய அப்பாவின் கார் மொறிஸ் என்று நீரே எழுதிவிட்டீர். உறிஞ்சுகிற குழாய். மேலே ஒருக்கால் வாசியும்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சரி ஐயா, வாசித்தேன். அந்தப் பம்ப் விசயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் குழாய்க்கு லண்டன் தேவையில்லை, பிறேக் வேலை செய்கிற இடங்களில் இந்தக் கலப்புக் குழாயைச் சில பேர் வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கோ. அதோடு ஒரு நல்ல வேலையும் சொல்லித் தருகிறேன். ஹோஸ் கழன்று வராமல் இருக்கக் குழாயின் முனையில் ஒரு சின்ன மேடு வேண்டும். ஃபிரிட்ஜ்காரரின் கருவி முனையைப் புனல் மாதிரி விரிக்கும், அது இதற்கு உதவாது. பிறேக் குழாய்க்கு இரட்டை மடிப்பு அடிக்கிற கருவியில் முதல் அடியை மட்டும் அடித்து நிறுத்தச் சொல்லுங்கோ, முனைக்குச் சற்று உள்ளே வளையமாக ஒரு புடைப்பு வரும். அளவாக அடிக்கவேண்டும், கூட இறுக்கினால் துவாரம் ஒடுங்கிவிடும்.

கோண்டாவில் ஸ்பானர் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பவுடர் போட்டுப் பார்த்தோம். ஒழுக்கு மெக்கானிக் ஐயா வெட்டிய இடத்தில் இல்லவே இல்லை. அதிலிருந்து கிட்டத்தட்ட மூன்றடி பின்னால், பம்ப்பிலிருந்து குழாய் கிளம்பி வருகிற முதல் கிளிப். அந்தக் கிளிப்புக்குள் ஒரு ரப்பர்ப் பட்டி இருக்கிறது, குழாய் உராயக்கூடாது என்று வைத்தது. ஐம்பத்தொன்பது வருடமாக அந்த ரப்பர் உப்புத் தண்ணீரையும் மண்ணையும் பிடித்து வைத்துக் குழாயைத் தின்றிருக்கிறது. கிளிப்பைக் கழற்றியதும் துரு பொருக்குப் பொருக்காகக் கையில் வந்தது, நகத்தால் அழுத்தினேன், நகம் குழாய்க்குள் போய்விட்டது. வெளியே பார்த்தால் மற்ற இடமெல்லாம் கறுப்புப் பூச்சோடு வடிவாகத்தான் இருந்தது. மெக்கானிக் ஐயாவை அழைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அப்ப நான் நல்ல இடத்தையல்லோ வெட்டியிருக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாளும் அவர்தான் என்னோடு நின்றவர், காசு வாங்கவில்லை.

பெற்றோலை முழுக்கப் பேணியில் இறக்கி, தூரத்தில் மூடி வைத்துவிட்டு, கட்டுக்கம்பியை வளைத்துப் பழைய குழாயின் வளைவெல்லாம் அச்செடுத்தோம். புதுக் குழாயை அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து வளைத்தோம், இறுக்கமான வளைவுகளுக்குப் பெரிய பற்றறி ஒன்றைச் சுற்றி, ரோச்சுக்குப் போடுகிற பற்றறியைத்தான் சொல்கிறேன். குழாய் லண்டன்காரர் வருவதற்கு முன்பே வெட்டிப்பேச்சு சொன்ன மாதிரி இங்கேயே ஒரு பிறேக் கடையில் கிடைத்துவிட்டது, முனைப் புடைப்பும் அவர்களே அடித்துத் தந்தார்கள். முதல் முனை ஒடுங்கிப்போய் வெட்டி எறிந்தோம், நல்லகாலம் நீளம் கூட வாங்கியிருந்தேன். புதுக் கிளிப்புகளுக்குப் புது ரப்பர், அதோடு ரப்பருக்குள் கிறீஸ் அப்பினார் ஐயா, உப்பு உள்ளே போகாது என்று. குழாய் புகைக் குழாய்க்குக் கிட்டப் போகிற இடத்தில் ஒரு கை அகலம் தள்ளிவிட்டோம்.

ஹோஸ் சோதனையும் செய்தேன். இரண்டு கடையில் வாங்கிய இரண்டு துண்டு, இரண்டிலும் ஆர்9 எழுத்து. ஒரு கிழமையில் ஒன்று அப்படியே இருந்தது. மற்றது ஒரு சுற்றுப் பெருத்து, போத்தலில் பெற்றோல் பிளேன்ரீ மாதிரி ஆகிவிட்டது. அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு இது என்ன கசாயம் என்று கேட்டா.

இப்போது சாவி போட்டால் பம்ப் பத்துப் பன்னிரண்டு தரம் அடித்து நிற்கிறது. ஆனால் எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரே ஒரு டிக் கேட்கிறது. குழாய் முழுக்கத் துடைத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. இது பரவாயில்லையா?

ஏ-நாற்பதின் மகன் எழுதியது:

நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று பரவாயில்லை. மிதவை ஊசியோ பம்ப்புக்குள் இருக்கிற வால்வோ சொட்டளவு விடுகிறது, பழைய சாமான் அப்படித்தான். அரை நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தால் திரும்பப் பவுடரை எடும். எதற்கும் ஒரு கிழமை கராச்சுக்குள் விடாமல் வெளியே நிறுத்தி, காலையில் மணலைப் பாரும்.

கோண்டாவில் ஸ்பானர் எழுதியது:

எட்டு நாள் பார்த்தேன் ஐயா, மணல் காய்ந்தே இருக்கிறது, பூனைதான் படுத்திருக்கிறது. குழாய் ஆறடி மிச்சம் இருக்கிறது, நல்ல ஹோஸிலும் ஒன்றரையடி. வெட்டிப்பேச்சு, அப்பாவின் மொறிஸ் இன்னும் இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.

வெட்டிப்பேச்சு எழுதியது:

இருக்கிறது, ஓடுகிறது, கொஞ்சம் திக்குகிறது. ஞாயிறு வாறன்.